பிளம் ஆர்ச்சர்ட் மாளிகைக்கு ஒரு நாள்: கம்பர்லண்ட் தீவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரம் கம்பர்லண்ட் தீவில் உள்ள பிளம் ஆர்ச்சர்ட் மாளிகையைச் சுற்றிப் பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்ட ஆள் உண்டு, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சிரமமெல்லாம் அங்கே போய்ச் சேர்வதில்தான். தீவுக்குப் பாலம் கிடையாது. படகு இறக்கிவிடும் இடத்திலிருந்து மாளிகை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது, வழி முழுவதும் மணல். மாலைப் படகைத் தவறவிட்டால் அன்று திரும்ப வேறு பொதுப் படகு இல்லை. காலையில் தீவில் இறங்கி, "இங்கே ஒரு பெரிய வீடு இருக்கிறதாமே, எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். பயணத்தை மாலைப் படகிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் திட்டமிட வேண்டும்.

எங்கே இருக்கிறது, யார் கட்டியது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையை ஒட்டித் தடுப்புத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒருபுறம் அட்லாண்டிக் கடல், மறுபுறம் உப்புச் சதுப்பு, நடுவில் நீளவாக்கில் மணல்மேடும் காடும் என்பது இவற்றின் அமைப்பு. வரிசையில் தெற்குக் கடைசியில் இருப்பதுதான் கம்பர்லண்ட். நீளம் சுமார் 28 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் ஃபுளோரிடா.

1880களில் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் தம்பி தாமஸ் கார்னெகி இங்கே நிலம் வாங்கி, தென்முனையில் டன்ஜனஸ் என்ற மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1886இல் அவர் இறந்துபோனார். ஒன்பது பிள்ளைகளோடு நின்ற மனைவி லூசி கார்னெகி சொத்தைப் பெருக்கித் தீவின் பெரும்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குத் தனித்தனி வீடுகள் எழுந்தன. மகன் ஜார்ஜ் லாடர் கார்னெகிக்கும் மருமகள் மார்கரெட் தாவுக்கும் 1898இல் எழுந்த வீடு பிளம் ஆர்ச்சர்ட். குடும்பத்தார் 1970களின் தொடக்கத்தில் அதைத் தேசியப் பூங்கா அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். 1972இல் தீவு தேசியக் கடற்கரைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று தீவில் கடை, உணவகம், வாடகைக் கார் எதுவும் இல்லை. தனியார் கையில் இருக்கும் கிரேஃபீல்ட் விடுதி ஒன்று மட்டும் உண்டு, அதுவும் அங்கே அறை எடுத்தவர்களுக்குத்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எப்படிப் போவது

எல்லாவற்றுக்கும் தொடக்கம் செயின்ட் மேரிஸ் என்ற சிற்றூர். பூங்காவின் அனுமதி பெற்ற பயணிகள் படகு அங்கிருந்துதான் புறப்படுகிறது. தீவை அடைய முக்கால் மணி நேரம் ஆகும். இறங்கிய பிறகு மாளிகைக்குப் போக வழிகள் இவை.

வேன் சுற்றுலா: பூங்காவின் ஏற்பாட்டில் நடக்கும் இதற்கு 'லேண்ட்ஸ் அண்ட் லெகசீஸ்' என்று பெயர். ஐந்தாறு மணி நேரம் வேனில் தீவின் வடகோடி வரை போய், பிளம் ஆர்ச்சர்டையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பெரியவர்கள், குழந்தைகள், முட்டிவலிக்காரர்கள் வந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். இருக்கைகள் குறைவு, முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. காலை முதல் படகில் போக வேண்டும்.

சைக்கிள்: நல்ல உடல்நிலையும் மணலில் மிதிக்கும் பொறுமையும் இருந்தால் இதில் கிடைக்கும் சுதந்திரம் வேனில் இல்லை. தீவில் சீ கேம்ப் படகுத்துறை அருகே வாடகைச் சைக்கிள் உண்டு. சொந்தச் சைக்கிளைப் படகில் ஏற்ற இடம் உண்டா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடை: போக 12, வர 12. ஒரே நாளில் படகு நேரத்துக்குள் இது ஆகாது. இரவு தங்குகிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும். சீ கேம்பிலிருந்து ஐந்தரைக் கிலோமீட்டரில் ஸ்டாஃபோர்ட் பீச் முகாம் இருக்கிறது. அதற்கும் வடக்கே, மாளிகைக்கு மிக அருகில், யாங்கி பாரடைஸ் என்ற காட்டு முகாம். முதல் நாள் மூட்டையோடு முகாமுக்குப் போய், மறுநாள் வெறுங்கையோடு மாளிகைக்கு நடப்பதுதான் சரியான முறை.

சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் மாளிகைக்கு அருகிலேயே, மேற்குப் பக்கம் பிரிக்ஹில் ஆற்றில் இருக்கும் துறையில் கட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

முன்பதிவு

தீவுக்கு ஒரு நாளில் சுமார் 300 பேர் என்ற வரம்பு நெடுங்காலமாக இருந்து வருகிறது. மார்ச் முதல் மே வரை வார இறுதிப் படகுகள் வெகு சீக்கிரம் நிறைந்துவிடும். வேன் சுற்றுலாவும் வேண்டும் என்றால் முதலில் வேனில் இடம் உண்டா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற நாளில் படகுச் சீட்டு எடுங்கள். மாற்றிச் செய்தால் படகு இருக்கும், வேன் இருக்காது.

படகுக் கட்டணம் தனி, பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. நுழைவுக்கு 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் வாங்கி வருகிறார்கள். தேசியப் பூங்கா ஆண்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் காட்டலாம். ஆனால் அது படகுக்குச் செல்லாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு துறையில் வாக்குவாதம் செய்கிறவர்கள் உண்டு.

வழக்கமான நேரப்படி செயின்ட் மேரிஸிலிருந்து முதல் படகு காலை 9 மணிக்கு, அடுத்தது 11.45க்கு. தீவிலிருந்து கடைசிப் படகு மாலை 4.45. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாரத்தில் சில நாள் படகு ஓடுவதில்லை. குளிர்காலத்தில் வேட்டைக்கு அனுமதிக்கும் சில நாட்களில் காட்டு முகாம்களை மூடுவதும் உண்டு. நாள் குறிக்குமுன் நடப்பு அட்டவணையைப் பாருங்கள். மாளிகைக்குள் கூட்டிப்போகிறவர்களில் பலர் தன்னார்வலர்கள் என்பதால், நீங்கள் போகும் நாளில் உள்ளே காட்டுகிறார்களா என்பதையும் பூங்கா அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

சைக்கிள்காரர்கள் 11.45 படகை எடுக்கவே கூடாது. இறங்கும்போது 12.30 ஆகிவிடும். மிதித்து மாளிகை சேர 2.15, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து பார்த்து முடிக்க 3.30. பிறகு 4.45 படகைப் பிடிக்க மணலில் உயிரை விட்டு ஓட வேண்டும். ஒரு டயர் காற்று இறங்கினால் கதை முடிந்தது.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், வெயில் காலத்தில் நான்கு. சீ கேம்பிலும் மாளிகை வளாகத்திலும் குடிநீர் பிடிக்கலாம் என்றாலும் இடையில் ஒரு குழாய் கூடக் கிடையாது. சாப்பாடு முழுவதும் கையோடுதான். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, சப்பாத்தி தாங்கும். தயிர்சாதம் பகல் வெயிலில் சைக்கிள் கூடையில் நான்கு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பைத் தொட்டி தீவில் இல்லை. கொண்டுபோனதன் தோல், காகிதம், பாட்டில் எல்லாம் உங்களோடே திரும்ப வேண்டும், அதற்கு இரண்டு கெட்டியான பைகள்.

முழுக்கால் சட்டை, கால் உறை, மூடிய காலணி. கொசு, அதைவிடப் பொடியான மணல் ஈ, உண்ணி மூன்றுக்கும் சேர்த்துப் பூசும் மருந்து. பஞ்சர் ஒட்டும் பொருள், சிறிய காற்றுப் பம்பு. வாடகைச் சைக்கிளுக்கும் இது தேவைப்படலாம், வழியில் உதவிக்கு யாரும் இல்லை. செல்பேசித் தொடர்பை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள், காகித வரைபடமும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு நாளைக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். செல்லப்பிராணிகளைப் பயணிகள் படகில் ஏற்றமாட்டார்கள்.

காலையில்

ஜாக்சன்வில் விமான நிலையத்திலிருந்து செயின்ட் மேரிஸுக்கு முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். ஐ-95 நெடுஞ்சாலையில் ஜார்ஜியாவின் 3ஆம் எண் வெளிவழியில் திரும்பிக் கிழக்கே சாலை முடியும் வரை போனால் ஆற்றங்கரை வந்துவிடும். அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே வந்து தங்குங்கள். விடியற்காலையில் புறப்பட்டு 9 மணிப் படகைப் பிடிப்பது நடக்காத காரியம்.

எட்டு மணிக்கே துறையில் இருங்கள். பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்து நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். படகு தீவில் டன்ஜனஸ், சீ கேம்ப் என்று இரண்டு துறைகளில் நிற்கும். மாளிகைக்குப் போகிறவர்கள் சீ கேம்பில் இறங்க வேண்டும். முதலில் நின்ற இடத்தில் அவசரப்பட்டு இறங்கிவிட்டு சைக்கிளைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு படகிலும் இருப்பார்கள். அதில் ஒருவராக வேண்டாம்.

மணல் பாதை

வாடகைச் சைக்கிளை வாங்கியதும் புறப்பட்டுவிடாமல் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றுங்கள், தாழ்ந்த இருக்கையில் மணலில் மிதித்தால் மூன்றாவது கிலோமீட்டரில் தொடை கெஞ்சும். டயர் கல் மாதிரி இறுகியிருந்தால் கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள். தார்ச் சாலைக்கு இறுக்கம் நல்லது, மணலில் இறுகிய டயர் புதையும், தளர்ந்த டயர் பரந்து மேலே நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்று உள்வாங்க வேண்டும், அந்த அளவு போதும்.

சீ கேம்பிலிருந்து சிறிது தூரம் கிழக்கே போனால் கிராண்ட் அவென்யூ என்ற முதன்மைச் சாலை வரும். அதில் இடதுபக்கம் திரும்பினால் வடக்கு. பெயர்தான் அவென்யூ, ஒரு வண்டி போகும் அகல மண் பாதை அது. இருபுறமும் லைவ் ஓக் மரங்கள் கிளை கோத்துப் பந்தல் போட்டிருக்கும். அவற்றிலிருந்து ஸ்பானிஷ் மாஸ் என்ற தொற்றுச்செடி நரைத்த தாடி போல் தொங்கும். நிழல் தாராளம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிதித்தால் முன்சக்கரம் மணலில் சொருகி விழுவீர்கள், பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திப் பாருங்கள்.

பாதையில் வண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு தடங்கள் இருக்கும். அவற்றில் இறுகிய தடத்தையே பிடித்துப் போங்கள், நடு மேட்டில் ஏற வேண்டாம். இளகிய மணல் வந்தால் முன்கூட்டியே வேகம் எடுத்து, எடையைப் பின்னால் வைத்து, கைப்பிடியைத் திருப்பாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் பலர் பிரேக்கைப் பிடிப்பார்கள். அதுதான் கவிழ்க்கும். நின்றுவிட்டால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள், ஐம்பதடியில் கெட்டித் தரை வந்துவிடும். சில இடங்களில் பாதை அலை அலையாக வரிவரியாகக் கிடக்கும், அங்கே இருக்கையிலிருந்து சற்று எழுந்து கொள்வது முதுகுக்கு நல்லது. பூங்கா வண்டிகளும் தீவுவாசிகளின் வண்டிகளும் எப்போதாவது வரும். ஓரமாக நின்று வழி விடுங்கள், ஆனால் புதருக்குள் போகாதீர்கள். ஓரத்தில் அடர்ந்திருக்கும் குட்டைப் பனையின் மட்டை ரம்பம் போல் கீறும், உண்ணி காத்திருப்பதும் அங்கேதான்.

வழியில் கிரேஃபீல்ட் விடுதியின் வாயில் வரும், உள்ளே போகக் கூடாது. ஏறத்தாழ பாதி வழியில் மரங்கள் விலகி ஒரு பெரிய திறந்த வெளி தெரியும், ஸ்டாஃபோர்ட் வயல். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஸ்டாஃபோர்ட் என்ற பண்ணைக்காரர் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த நிலம் அது. அந்த மக்கள் வாழ்ந்த குடிசைகள் போய், புகைபோக்கிகள் மட்டும் இப்பகுதியில் நிற்கின்றன. பிளம் ஆர்ச்சர்ட் என்ற பெயரும் கார்னெகி வைத்ததல்ல, அதற்கு முன்பே அங்கிருந்த பருத்திப் பண்ணையின் பெயர். மாளிகையைப் பார்க்கப் போகும்போது இதையும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

ஸ்டாஃபோர்ட் வயலை 11.15க்குள் தாண்டவில்லை என்றால் உங்கள் வேகம் போதாது. மதியம் 12.30 வரையிலும் மாளிகைக்கான கிளைப்பாதை வராவிட்டால் திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். கிளைப்பாதை இடதுபக்கம் பிரியும், பெயர்ப்பலகை உண்டு. கடற்கரை வழியாகத் திரும்பலாமா என்று சிலர் கேட்பார்கள். நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அலை ஏற்றத்தில் கடற்கரையின் கெட்டி மணல் நீருக்குள் போய்விடும். முதல் முறை வருகிறவர்கள் வந்த வழியே திரும்புங்கள்.

மாளிகைக்குள்

காடு சட்டென்று முடிந்து புல்வெளியும், உயர்ந்த வெள்ளைத் தூண்கள் தாங்கும் முகப்பும் தெரியும்போது நேராக ஓடிப் படியேற வேண்டாம். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, கழிப்பறைக்குப் போய், தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அடுத்த சுற்று எப்போது என்று கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. காத்திருக்க நேர்ந்தால் அதுதான் சாப்பாட்டு வேளை.

பாஸ்டன் நகரத்து பீபாடி அண்ட் ஸ்டெர்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த வீடு இது. முதலில் எழுந்தது நடுப்பகுதி மட்டும். இரண்டு பக்கத்துச் சிறகுகள் 1906இல் சேர்ந்தவை. வெளியே நின்று ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனால், எந்த அறை பழசு, எது ஒட்டு என்று பிடிபடும். பரப்பு சுமார் 22,000 சதுர அடி. இத்தனை பெரிய வீட்டில் கணவனும் மனைவியும் குளிர்கால மாதங்களில் மட்டும் இருந்தார்கள். விருந்தாளிகளும் வேலையாட்களும்தான் அறைகளை நிரப்பினார்கள்.

கூடத்தில் மரச்செதுக்கையும் சுவர்த்தாளையும் எல்லோரும் பார்ப்பார்கள். வண்ணக் கண்ணாடியால் ஆன டிஃபனி விளக்கு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்த வீட்டின் சுவாரசியம் வரவேற்பறையில் இல்லை என்பது எங்கள் கருத்து. வீட்டுக்குள்ளேயே ஒரு நீச்சல் குளம் இருக்கிறது, ஸ்குவாஷ் ஆடக் களம் இருக்கிறது. மின்கம்பமோ குழாய்த் தண்ணீரோ எட்டாத தீவில் 1900ஐ ஒட்டி இவையெல்லாம் எப்படி இயங்கின? அதற்கு விடை வேலையாட்கள் புழங்கிய பகுதியில் கிடைக்கும். சமையற்கட்டு, துணி வெளுக்கும் இடம், இயந்திரங்கள் பற்றி வழிகாட்டியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் நன்றாகவே சொல்வார்கள், கேட்காத கூட்டத்துக்குச் சீக்கிரம் முடித்துவிடுவதும் உண்டு.

ஜார்ஜ் 1921இல் இறந்தார். பிறகு வீடு அவருடைய சகோதரி நான்சியின் குடும்பத்திடம் வந்தது. பூங்காவின் கைக்கு வந்த பிறகும் பல ஆண்டுகள் ஈரமும் உப்புக்காற்றும் அரித்து, பெரிய செலவில் பழுதுபார்த்தார்கள். ஆகவே சுவரைத் தொடுவது, தளவாடத்தில் சாய்வது, ஈர முதுகுப்பையை மரப்பலகையில் உரசுவது எல்லாம் கூடாது. மணல் ஒட்டிய காலணியை வாசலிலேயே நன்றாகத் தட்டிவிடுங்கள்.

திரும்புதல்

எந்த நிலையிலும் 1.45க்கு மாளிகையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். போகும்போது ஒன்றரை மணி ஆனால் வரும்போது கால்கள் சோர்ந்து ஒன்றே முக்கால் ஆகும். 3.30க்கு சீ கேம்பை அடைந்தால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து, முகம் கழுவி, படகுக்கு அரை மணி முன்னதாக வரிசையில் நிற்க நேரம் இருக்கும். கடைசிப் படகைத் தவறவிட்டால் தனிப் படகைச் சொந்தச் செலவில் வரவழைக்க வேண்டும், அது சிறிய தொகையாக இருக்காது.

முன்னதாகவே வந்துவிட்டால் சிலருக்கு டன்ஜனஸ் இடிபாடுகளைப் பார்க்கும் ஆசை வரும். சீ கேம்பிலிருந்து தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில்தான். 1959இல் தீப்பற்றி எரிந்த கார்னெகி மாளிகையின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. பக்கத்தில் அதைவிடப் பழைய சிறு வீடு ஒன்று டேபி என்ற கலவையால் ஆனது. சிப்பி ஓட்டை எரித்து எடுத்த சுண்ணாம்பு, மணல், உடைந்த சிப்பி, தண்ணீர் நான்கையும் சம அளவில் கலந்து அச்சில் கொட்டி இறுக்குவது டேபி. கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த நம்மவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஒரே நாளில் மாளிகை, இடிபாடு இரண்டையும் சைக்கிளில் முடிக்க நினைப்பது பேராசை. இடிபாட்டுச் சுவர்களில் ஏறவோ உள்ளே நுழையவோ கூடாது. கல் விழும் என்பது ஒரு காரணம், கிலுகிலுப்பைப் பாம்பு இன்னொன்று.

குதிரை, உண்ணி, மழை

தீவில் காட்டுக்குதிரைகள் திரிகின்றன. மாளிகைப் புல்வெளியிலேயே மேயும். பழகினவை போலத் தெரிந்தாலும் கடிக்கும், உதைக்கும். குறைந்தது 50 அடி தள்ளி நில்லுங்கள், பழம் நீட்டாதீர்கள். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தால் ரக்கூன் வந்து நேர்த்தியாக எடுத்துப் போகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வழக்கம். இடி கேட்டால் திறந்த ஸ்டாஃபோர்ட் வயலில் மாட்டிக்கொள்ளாமல், கட்டடம் அருகில் இருந்தால் அங்கேயே ஒதுங்குங்கள். மழைக்குப் பின் மணல் இறுகி மிதிக்க எளிதாகும் என்பது இதில் கிடைக்கும் ஒரே லாபம். அக்டோபர் கடைசியும் நவம்பரும் வெயில், பூச்சி, கூட்டம் மூன்றும் குறைந்த காலம், எங்களைக் கேட்டால் அப்போதுதான் போக வேண்டும்.

இரவு அறைக்குத் திரும்பியதும் குளிக்குமுன் முட்டியின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுமடலின் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்கவோ எண்ணெய் விடவோ வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டி, தலையருகில் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.